போலீஸ் வண்டியை நிறுத்தலாம், பையைத் திறக்கலாமா?

வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இரவு பத்தரை மணிக்கு வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பியிருக்கிறார். தடுப்பு வைத்து வரும் வண்டிகளையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்த போலீஸார் இவரையும் ஓரங்கட்டினார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு முதுகுப்பையைத் திறக்கச் சொன்னார்கள், பேன்ட் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் செல்போன் லாக்கை எடுக்கச் சொல்லி வாங்கி, வாட்ஸ்அப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "சரி, கிளம்பு" என்று அனுப்பிவிட்டார்கள். எதுவும் கிடைக்கவில்லை, வழக்கும் இல்லை. "என் மேல் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சும்மா நிறுத்தி இப்படிச் செய்ய சட்டத்தில் இடம் இருக்கிறதா?" என்பது அவர் கேள்வி.

நிறுத்தியது சரி. லைசென்ஸ் கேட்டது சரி. பையையும் பாக்கெட்டையும் பார்த்தது, உங்கள் மேல் குறிப்பான சந்தேகம் இருந்தால்தான் சரி. போனைப் பார்த்தது தவறு. இவ்வளவுதான் என்றால் நான்கு வரியில் முடித்திருப்பேன். ஆனால் 'தவறு என்றால் போலீஸுக்கு என்ன ஆகும்?' என்று அடுத்த கேள்வி வரும். இருபது வருடத்துக்கு மேலாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில், அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

குழப்பம் சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. 'வாகனச் சோதனை' என்கிறோம், 'வீட்டில் சோதனை' என்கிறோம், 'உடல் சோதனை' என்கிறோம். லைசென்ஸை வாங்கி டார்ச் அடித்துப் பார்ப்பதற்கும், பீரோவைக் கொட்டிக் கவிழ்ப்பதற்கும், ஆளின் இடுப்பைத் தடவுவதற்கும் ஒரே சொல். சட்டத்தில் இவையெல்லாம் வேறு வேறு அதிகாரங்கள். அதனால் இங்கே காகிதம் பார்ப்பதைச் சரிபார்ப்பு என்றும், பை, டிக்கி, பாக்கெட் ஆகியவற்றுக்குள் கை விடுவதைத் துழாவல் என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் சரிபார்ப்பு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 130: பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவர், சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ் அதிகாரி கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். சந்தேகம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இந்தப் பிரிவில் கிடையாது. எனவே "நான் என்ன தப்பு செய்தேன் என்று நிறுத்தினீர்கள்?" என்று கேட்டு வாதாடிப் பயனில்லை. ஏட்டு கேட்டாலும் காட்டத்தான் வேண்டும். 'எஸ்.ஐ.க்குக் கீழே உள்ளவர் லைசென்ஸ் கேட்கவே கூடாது' என்று வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி தவறு. சீருடை இல்லாமல் வந்து கேட்டால் மட்டும் இந்தப் பிரிவு அவருக்கு உதவாது. மத்திய மோட்டார் வாகன விதி 139 ஆவணங்களைப் பற்றியது. அது 2018 நவம்பரில் திருத்தப்பட்ட பிறகு டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருப்பதைக் காட்டினாலும் செல்லும். கையில் எதுவுமே இல்லாவிட்டால், கேட்ட தேதியிலிருந்து 15 நாளைக்குள் சமர்ப்பிக்கும் வழியையும் அதே விதி தருகிறது. நடைமுறையில் இந்தப் 15 நாள் விஷயத்தைச் சாலையில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சாவியைப் பிடுங்குவது? அப்படி ஓர் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. லைசென்ஸ் இல்லாமலோ வயது வராமலோ ஓட்டினால், வண்டிக்குப் பதிவு இல்லாவிட்டால், பெர்மிட் இல்லாத வாடகை வண்டி என்றால், பிரிவு 207-ன் கீழ் வண்டியையே பிடித்து வைக்கலாம். ஆனால் ஓடுகிற வண்டியின் சாவியை உருவுவது எந்தப் பிரிவிலும் வராது, ஆபத்தும்கூட. துரத்துவது அதைவிட மோசம். 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் பைக்கை உதைத்ததாகவும், அதில் விழுந்து மனைவி இறந்ததாகவும் வழக்கு பதிவாகி, அந்த இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டது நினைவிருக்கும். அடுத்த வருடமே கேரள உயர் நீதிமன்றம், ஹெல்மெட் போடாதவர்களைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, கேமரா மாதிரியான வழிகளில் கண்டுபிடியுங்கள் என்று சொன்னது.

ஊதச் சொல்வதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பிரிவு 203-ன்படி, ஓட்டுகிறவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால் ஊதச் சொல்லலாம். சனிக்கிழமை இரவு வரிசையில் வரும் எல்லோரையும் ஊதச் சொல்வது இந்த வாசகத்தோடு ஒட்டவில்லை. ஆனாலும் இதில் சண்டை போடாதீர்கள். காரணமில்லாமல் ஊத மறுத்தால் அதுவே உங்களுக்கு எதிரான சான்றாகும் என்று பிரிவு 205 சொல்கிறது. குடித்து ஓட்டியதாகக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

இனி துழாவல். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்திருக்கிறது. எண்கள் மாறின, சில புதிய விஷயங்களும் சேர்ந்தன. அதில் தேடிப் பாருங்கள். 'சாலையில் போகிற எவரையும் போலீஸ் நிறுத்தித் துழாவலாம்' என்று ஒரு பிரிவும் இல்லை. ஆளைத் துழாவும் அதிகாரம் பிரிவு 49-ல் இருக்கிறது. அது கைது செய்த பிறகு. அப்போதும் எடுத்த பொருளுக்கு ரசீது கொடுக்க வேண்டும். ஓர் இடத்தைச் சோதனையிடும்போது அங்கே இருப்பவர் தேடும் பொருளை உடம்பில் மறைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் வந்தால் அவரையும் துழாவலாம் என்று பிரிவு 103 சொல்கிறது. வாரண்ட் இல்லாமல் சோதனையிட பிரிவு 185 இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் ஒரு குற்றத்தைப் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருக்க வேண்டும், வாரண்ட் வாங்கப் போனால் தாமதமாகிவிடும் என்ற நிலை வேண்டும், அந்தக் காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும், எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

"அது வீட்டுக்குத்தானே, காருக்கு எதற்கு?" என்று ஒரு எஸ்.ஐ. என்னிடமே கேட்டிருக்கிறார். சட்டத்தின் ஆரம்பத்தில் இருக்கும் வரையறைப் பகுதியை யாரும் படிப்பதில்லை. 'இடம்' என்றால் வீடு, கட்டடம், கூடாரம், வாகனம், கப்பல் எல்லாம் அடங்கும் என்று அங்கே போட்டிருக்கிறது. ஆக உங்கள் கார் சட்டத்தின் கண்ணில் ஓர் இடம். வீட்டுக்குள் நுழைந்து பீரோவைத் திறக்க என்ன காரணம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அதே காரணம் டிக்கியைத் திறக்கவும் வேண்டும்.

அப்படியானால் போலீஸ் எதை வைத்துப் பையைத் திறக்கச் சொல்கிறார்கள்? பிரிவு 106-ஐச் சொல்வார்கள். திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படுவதையோ, குற்றம் நடந்ததாகச் சந்தேகம் எழும் சூழ்நிலையில் கிடைப்பதையோ எந்தப் போலீஸ் அதிகாரியும் கைப்பற்றலாம் என்பது அந்தப் பிரிவு. கவனித்துப் படித்தால், கண்ணில் பட்டதைக் கைப்பற்றத்தான் அது அதிகாரம் தருகிறது. ஏதாவது கிடைக்குமா என்று கிளறிப் பார்க்கச் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் சைலன்சர் ஒன்றைத் தோளில் போட்டு நடந்து போனால் நிறுத்தி விசாரித்து வாங்கி வைக்கலாம். லேப்டாப் பையோடு வேலையிலிருந்து வருகிறவர் அந்தச் சூழ்நிலையில் வரமாட்டார்.

இன்னொன்று, புதிதாக வந்த பிரிவு 172. குற்றத்தைத் தடுக்கும் பணியில் போலீஸ் தரும் சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும், மறுத்தால் பிடித்து வைத்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், சின்ன விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். இந்தப் பிரிவு வந்தபோது எங்கள் பார் ரூமில் பெரிய விவாதமே நடந்தது. 'இனிமேல் பையைத் திற என்றால் திறக்கத்தான் வேண்டும்' என்றார் ஒரு சீனியர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'சட்டப்படியான' என்ற சொல் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. துழாவ அதிகாரமில்லாத இடத்தில் 'துழாவ விடு' என்ற உத்தரவு எப்படிச் சட்டப்படியானதாகும்? ஆனால் நள்ளிரவில் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று இந்த வாதத்தை ஜெயிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'நான்காவது திருத்தம்' என்பார்கள், அதாவது காரணமில்லாத சோதனையிலிருந்து காக்கும் அமெரிக்க அரசியல் சட்டப் பாதுகாப்பு. இங்கே அது கிடையாது. இங்கிலாந்திலும் கதை வேறு. அங்கே 1984-ல் வந்த சட்டம் சாலையில் ஆளை நிறுத்தித் துழாவும் அதிகாரத்தைப் போலீஸுக்கு நேரடியாகக் கொடுத்து, அதற்கு நியாயமான சந்தேகம் வேண்டும் என்றும் எழுதியது. பிறகு 1994-ல் வன்முறை நடக்கக்கூடிய பகுதியில், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும், சந்தேகமே இல்லாமல் துழாவத் தனிப் பிரிவு போட்டார்கள். அந்த அதிகாரம் நல்லதா கெட்டதா என்று அங்கே இன்றும் சண்டை. நம்மிடம் அப்படி எழுதப்பட்ட பொது அதிகாரமே இல்லாமல் தினமும் துழாவல் நடக்கிறது.

எப்படி நடக்கிறது? நாம் சம்மதிக்கிறோம். இதை யாரும் யோசிப்பதில்லை. "பைய தொறங்க" என்கிறார். "பாத்துக்குங்க சார்" என்று நாமே ஜிப்பை இழுக்கிறோம். அந்த நிமிடமே சட்டக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. அது கட்டாயத் துழாவல் அல்ல, நீங்களே காட்டியது. நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்டால் 'அவராகவே திறந்து காட்டினார்' என்று சொல்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பயத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமா என்பது நல்ல கேள்வி. ஆனால் எதுவும் கிடைக்காமல் வீட்டுக்குப் போனவர் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவதில்லை, அதனால் அதற்குப் பதிலும் வருவதில்லை. எனக்கே ஒரு முறை நடந்தது. கோர்ட் முடிந்து வேறு ஊரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். கறுப்புக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். இளம் போலீஸ்காரர் ஒருவர் கேட்காமலேயே பைக்குள் கையை விட்டு, சரியாக மூடாத தயிர்சாத டப்பாவுக்குள் விரலை வைத்துவிட்டார். இருவருமே ஒன்றும் பேசவில்லை. நான் கைக்குட்டையை நீட்டினேன். சட்டம் தெரிந்த நானும் அன்றைக்குப் பிரிவு எதையும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகும் அவசரம்தான் இருந்தது.

சிறப்புச் சட்டங்கள் வேறு கதை. ஆயுதச் சட்டம், மதுவிலக்குச் சட்டம், போதைப்பொருள் சட்டம் ஒவ்வொன்றிலும் தனித் துழாவல் அதிகாரம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து கடலூர், விழுப்புரம் பக்கம் வருகிறவர்களுக்கு மதுவிலக்குச் சோதனைச்சாவடி பழக்கப்பட்டது. அங்கே சரக்கு பிடிபட்டால் பாட்டிலோடு வண்டியும் போகும். ஆனால் இன்று சாலையில் நடக்கும் துழாவலுக்குப் பெரும்பாலும் காரணம் கஞ்சா. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை' ஆரம்பித்த பிறகு, இளைஞர்கள் இருவர் ஒரே பைக்கில் போனாலே பையைத் திறக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதனால் இந்தச் சட்டத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை கடுமை, ஜாமீன் கடினம். அதற்கு ஈடாக, துழாவும் முறையையும் நீதிமன்றங்கள் கறாராகப் பார்க்கின்றன. பிரிவு 50 என்ன சொல்கிறது? ஆளைத் துழாவும் முன், 'உங்களுக்கு விருப்பமிருந்தால் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை செய்யச் சொல்லும் உரிமை உண்டு' என்று அவரிடம் சொல்ல வேண்டும். இதைக் கட்டாயம் சொல்லியே ஆக வேண்டும், பேருக்குச் செய்தால் போதாது என்று 2010-ல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சொல்லாமல் துழாவி எடுத்திருந்தால் அதை வைத்துத் தண்டிக்க முடியாது. எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு பிரிவில் விழுந்திருக்கின்றன.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. பிரிவு 50 உடம்பைத் துழாவுவதற்கு மட்டும். தோளில் தொங்கும் பை உடம்பு அல்ல என்று 2005-ல் பவன் குமார் வழக்கில் சொல்லிவிட்டார்கள். ஆக ஒரே பொட்டலம் சட்டைப்பையில் இருந்தால் ஒரு விதி, முதுகுப்பையில் இருந்தால் வேறு விதி. காருக்கு இன்னொரு விதி. பொது இடத்தில் துழாவ பிரிவு 43, கட்டடத்திலோ வாகனத்திலோ துழாவ பிரிவு 42. இந்த 42-ன்படி, கிடைத்த தகவலை எழுதி வைக்க வேண்டும், சூரியன் மறைந்த பிறகென்றால் ஏன் வாரண்ட் வாங்க நேரமில்லை என்றும் பதிய வேண்டும். சாலையில் நிற்கும் தனியார் வண்டி எதில் வரும்? போலீஸ் எப்போதும் 'சாலை பொது இடம், அதனால் 43' என்பார்கள். 2021-ல் பூட்டா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஹரியானாவில் ஒரு ஜீப்பில் கசகசாச் செடியின் காய்ந்த தோடு பிடிபட்ட வழக்கு அது. ஜீப் தனியாருடையது, பொதுப் போக்குவரத்து வண்டி அல்ல, எனவே 42-தான் பொருந்தும், அதைத் துளியும் பின்பற்றவில்லை என்று குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தார்கள். காரணமில்லாமல் தொந்தரவு கொடுக்கத் துழாவும் அதிகாரிக்கே 6 மாதம் வரை சிறை என்று அதே சட்டத்தின் பிரிவு 58 சொல்கிறது. அந்தப் பிரிவில் தண்டனை பெற்ற அதிகாரி ஒருவரையும் என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போதைப்பொருள் சட்டத்தை விட்டுத்தள்ளுங்கள். மற்ற வழக்குகளில், சட்டவிரோதமாகத் துழாவி எடுத்த பொருள் சான்றாகச் செல்லுமா? செல்லும். 1973 இறுதியில் பூரண் மல் என்ற வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம், சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் கிடைத்த பொருள் வழக்குக்குப் பொருத்தமானதாக இருந்தால் அதைத் தள்ள வேண்டியதில்லை என்று சொன்னது. அதற்கு அடித்தளம் 1954-ல் வந்த எம்.பி. சர்மா தீர்ப்பு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ளது போன்ற பாதுகாப்பை நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் வைக்கவில்லை, அதை நாம் வலிந்து கொண்டுவர முடியாது என்றார்கள் எட்டு நீதிபதிகள்.

இடையில் 1963-ல் ராதா கிஷன் வழக்கில் வந்தது எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு, மிகவும் எரிச்சலூட்டுகிற தீர்ப்பும் அதுதான். சட்டவிரோதமான சோதனையை எதிர்த்து நிற்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்கிறது. அப்படிக் கிடைத்த சான்றை நீதிமன்றம் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்கிறது. கடைசியில், ஆனாலும் கைப்பற்றியது செல்லும் என்கிறது. அதாவது அந்த நேரத்தில் எதிர்த்தால் உரிமை, எதிர்க்காமல் விட்டால் அப்புறம் ஒன்றுமில்லை. சாலையோரத்தில் நான்கு லத்திகளுக்கு நடுவே யார் எதிர்ப்பது?

2017-ல் புட்டசாமி தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லி, எம்.பி. சர்மா தீர்ப்பில் தனியுரிமைக்கு எதிராக இருந்ததை நீக்கினார்கள். ஒருவரின் தனியுரிமையில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மீறாத அளவாக இருக்க வேண்டும். சும்மா நிறுத்தித் துழாவுவதை இந்த மூன்றில் முதல் படியிலேயே நிறுத்திவிடலாம், ஏனென்றால் அதற்குச் சட்டமே இல்லை. ஆனால் பூரண் மல் அப்படியே இருக்கிறது. மாடியில் புதுத் தளம் எழுப்பிவிட்டு அஸ்திவாரத்தைத் தொடாமல் விட்டது போல. அதனால்தான் போலீஸுக்குத் துழாவுவதில் நஷ்டமே இல்லை. கிடைத்தால் வழக்கு நிற்கும், கிடைக்காவிட்டால் 'சரி, கிளம்பு'.

போன் விஷயத்தில் மட்டும் என் பதிலில் தயக்கமில்லை. 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் போலீஸார் சாலையில் போகிறவர்களை நிறுத்தி வாட்ஸ்அப்பில் கஞ்சா பற்றிய பேச்சு இருக்கிறதா என்று தேடிய வீடியோ பரவி, நாடு முழுக்கப் பேசப்பட்டது. நம் ஊரிலும் அது வந்துவிட்டது என்பதற்கு இந்தக் கேள்வியே சாட்சி. விசாரணைக்குப் போன் தேவையென்றால் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி பி.என்.எஸ்.எஸ். பிரிவு 94-ன் கீழ் எழுத்தில் கேட்கலாம், இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர், வழக்கே இல்லாத ஒருவரிடம், வாய்மொழியாக லாக் எடுக்கச் சொல்ல எந்தப் பிரிவும் இல்லை. பையில் இருப்பது ஒரு நாள் சாமான். போனில் உங்கள் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டும் வங்கிக் கணக்கும் தங்கையின் படமும் இருக்கின்றன. "லாக் எடுக்க மாட்டேன் சார், நோட்டீஸ் கொடுங்க, ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்று அமைதியாகச் சொல்லலாம். என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பதும் அதே வாக்கியம்தான்.

பெண்களைப் பெண் போலீஸ்தான் துழாவ வேண்டும், கண்ணியத்தோடு. இதில் விதிவிலக்கு இல்லை. பெண் போலீஸ் இல்லையென்றால் வரும்வரை காத்திருக்க வேண்டியது அவர்கள் பாடு.

தேர்தல் நேரம் தனி உலகம். பறக்கும் படையும் நிலையான கண்காணிப்புக் குழுவும் சாலையில் எந்த வண்டியையும் நிறுத்துவார்கள். இதற்கு அடிப்படை தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டு நடைமுறை. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு போவது குற்றம் என்று ஊரே நம்புகிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. வேட்பாளர், அவரது முகவர், கட்சிக்காரர் போகும் வண்டியில் 50,000-க்கு மேல் இருந்தால் கைப்பற்றலாம் என்பதுதான் வாசகம். ஆனால் மாட்டுச் சந்தைக்குப் போகிற வியாபாரியும், ஈரோட்டுக்கு ஜவுளி வாங்க வருகிறவரும்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதற்கு வங்கிச் சீட்டோ பில்லோ வைத்திருங்கள். பிடித்துவிட்டால் ரசீது வாங்குங்கள். மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர்ப்புக் குழு இருக்கும், எஃப்.ஐ.ஆர். போடாத பணத்தை அவர்கள் விடுவிக்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் போனால் வருமான வரித்துறைக்குத் தகவல் போகும். பெண் அதிகாரி இல்லாமல் பெண்களின் கைப்பையைப் பார்க்கக் கூடாது என்றும் அதே நடைமுறையில் இருக்கிறது. வியாபாரியின் 60 ஆயிரம் பிடிபட்ட செய்திகளுக்கு நடுவே, 2016 மே மாதம் திருப்பூர் மாவட்டம் செங்கப்பள்ளி அருகே மூன்று கன்டெய்னர்களில் 570 கோடி ரூபாய் பிடிபட்டதையும் நினைத்துக்கொள்கிறேன். பாரத ஸ்டேட் வங்கி அது தங்கள் பணம் என்றது. அந்த விவகாரம் சி.பி.ஐ. வரை போனது.

சரி, மறுபடியும் நிறுத்தினால் என்ன செய்வது? வண்டியை நிறுத்துங்கள், ஆஃப் செய்யுங்கள், லைசென்ஸைக் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுங்கள். பாதிச் சிக்கல் குரலில்தான் ஆரம்பிக்கிறது. பையைத் திறக்கச் சொன்னால், "எதுக்காக சார் பாக்கறீங்க?" என்று ஒரு முறை கேளுங்கள். 'இந்த ஏரியாவில் செயின் பறிப்பு, பைக் நம்பர் இப்படி, ஆள் இப்படி' என்று ஏதாவது காரணம் சொன்னால் அது உண்மையான சந்தேகமாக இருக்கலாம், ஒத்துழையுங்கள். காரணமே இல்லையென்றால், "எனக்குச் சம்மதம் இல்லை, ஆனா தடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். இந்த வாக்கியம் முக்கியம். சம்மதம் என்ற கதவை மூடுகிறது, அதே சமயம் பணியைத் தடுத்தார் என்ற வழக்குக்கும் இடம் கொடுப்பதில்லை. கையைத் தட்டிவிடுவது, பையை இழுப்பது வேண்டவே வேண்டாம். ராதா கிஷன் தீர்ப்பைச் சாலையில் சோதித்துப் பார்க்காதீர்கள். நம் மாநிலத்தில் ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கலாம் என்பதை சாத்தான்குளம் சொல்லிவிட்டது.

உங்கள் போனில் வீடியோ எடுக்கலாமா? தடுக்கும் சட்டம் இல்லை. போலீஸ் ஸ்டேஷன்கூட அலுவல் ரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடம் அல்ல என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-ல் சொல்லியிருக்கிறது. முகத்துக்கு நேரே நீட்டாமல், தள்ளி நின்று எடுங்கள். அவர்களும் எடுத்தாக வேண்டும். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105-ன்படி ஓர் இடத்தைச் சோதனையிடுவதையும், ஒரு பொருளைக் கைப்பற்றுவதையும், பட்டியல் போட்டுச் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் வீடியோவில் பதிந்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். எதையாவது எடுத்துக்கொண்டால் மகஜர், அதாவது சாட்சிகள் கையெழுத்திட்ட அந்தப் பட்டியல், அதன் நகல் கேளுங்கள். எழுதாத தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'சும்மா பெட்டி கேஸ்தான்' என்று சொல்லி வாங்கிய கையெழுத்து பிறகு ஒப்புதல் வாக்குமூலமாக முளைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டவரின் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் எதுவும் எடுக்கவில்லை, வழக்கு இல்லை. போனைப் பார்த்ததற்காக மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் புகார் அனுப்பலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் சொன்ன பிறகு, அங்கே போடும் புகாருக்குக் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. சீருடையில் பெயர் இருந்திருக்கும், அது நினைவில்லாவிட்டால் நேரமும் இடமும் போதும், அன்றைக்கு அந்தத் தடுப்பில் யார் பணியில் இருந்தார்கள் என்பது ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும். பக்கத்தில் கடையோ பெட்ரோல் பங்கோ இருந்தால் அவர்களுடைய சி.சி.டி.வி. பதிவைச் சேமித்து வைக்கச் சொல்லி நாளைக்கே கேளுங்கள். பல கடைகளில் பழைய பதிவு சில வாரங்களிலேயே அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும்.